ஆர்சனல் வீரர்களையும் ஆர்டேட்டாவின் முடிவுகளையும் எப்படி எடைபோடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டன் கால்பந்து கிளப்பான ஆர்சனலின் ஆட்டம் நடக்கும் இரவுகளில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஏழெட்டுப் பேராவது கூடிவிடுவது வழக்கம். ஆட்டம் முடிந்து தொலைக்காட்சியை அணைத்த பிறகு தொடங்கும் வாதம் பல நாள் ஆட்டத்தைவிட நீளமாகப் போகும். அதில் எழும் சந்தேகங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை. வீரர்களின் பெயர்கள்தான் மாறுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்து, என் பதில்களை எழுதியிருக்கிறேன். மிக்கெல் ஆர்டேட்டா பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற 2019 டிசம்பரை ஒட்டிய காலத்திலிருந்து 2024-25 சீசன் வரை நடந்தவற்றையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கோல் அடிக்கிறவர்தானே நல்ல வீரர்? வேறு எதைப் பார்க்கச் சொல்கிறீர்கள்?

கோல் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் கோல்கள் எப்படி வந்தன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நிக்கோலா பெப்பே 2018-19 சீசனில் பிரெஞ்சு லீக்கில் லீல் அணிக்காக 22 கோல்கள் அடித்தார். ஆர்சனல் 2019 கோடையில் 7.2 கோடி பவுண்டு கொடுத்து அவரை வாங்கியது. அதுவரை அந்த கிளப் எந்த வீரருக்கும் அவ்வளவு பெரிய தொகையைக் கொடுத்ததில்லை. அந்த 22 கோல்களில் 9 பெனால்டிகள். மேலும், லீல் எதிரணியை முன்னேறி வரவிட்டு, பந்தைப் பறித்த உடனே பின்னால் கிடக்கும் வெட்டவெளிக்குள் பாய்கிற அணியாக இருந்தது. அந்த வெளியில் பெப்பே மிகவும் ஆபத்தானவர்.

ஆர்சனலுக்கு எதிராக ஆட வருகிற அணிகளில் பாதிக்கு மேல் பெனால்டி பாக்ஸுக்கு முன்னால் இரண்டு வரிசையாக நின்றுகொள்ளும். ஓட இடமில்லாத அந்த நெரிசலில், வலது ஓரத்திலிருந்து இடது காலுக்குப் பந்தை இழுத்துக்கொண்டு அவர் உள்ளே திரும்புவார் என்பதை எதிரணியின் இடது பக்கத் தடுப்பாளர்களான லெஃப்ட் பேக்குகள் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். 2023-இல் அவர் கிளப்பை விட்டு விலகினார். அவருக்குத் திறமை இல்லை என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். எந்த மாதிரி இடம் கிடைத்தால் இவர் கோல் அடிக்கிறார், அந்த இடம் நம் ஆட்டத்தில் கிடைக்குமா என்ற கேள்வியைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

இந்த எக்ஸ்.ஜி. என்பது என்ன? அதை நம்பலாமா?

ஒரு ஷாட் கோலாக மாறுவதற்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்பதை, அதே மாதிரி தொலைவிலிருந்தும் கோணத்திலிருந்தும் முன்பு அடிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான ஷாட்டுகளை வைத்து, 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணாகச் சொல்வதுதான் எக்ஸ்.ஜி. பெனால்டிக்கு ஏறக்குறைய 0.78 வரும். நடுக்களத்திலிருந்து ஆசைப்பட்டு அடிக்கிற தொலைதூர ஷாட்டுக்கு 0.05 வந்தால் அதிகம்.

பத்து, பதினைந்து ஆட்டங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது அது நன்றாக உதவும். கோல் விழாவிட்டாலும் நல்ல வாய்ப்புகளுக்குத் தொடர்ந்து போய்ச் சேர்கிற ஸ்ட்ரைக்கரைப் பற்றி அவசரப்பட வேண்டாம் என்பதை அது சொல்லும். ஒரே ஓர் ஆட்டத்தின் எண்ணைக் காட்டி நாம்தான் வென்றிருக்க வேண்டும் என்று வாதிடுவதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. ஷாட் அடிக்காமலே ஒரு டிஃபெண்டரைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போய் இன்னொருவருக்கு வழி திறந்துவிடுகிற ஓட்டத்துக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

ஜாக்காவை அன்றைக்குத் திட்டித் தீர்த்தீர்கள், இன்றைக்கு அவரைப் போல யாரும் இல்லை என்கிறீர்கள். எது உண்மை?

இந்தக் கேள்வி என்னை உண்மையிலேயே உறுத்துவதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 2019 அக்டோபர் 27 அன்று கிரிஸ்டல் பேலஸுக்கு எதிரான ஆட்டம், கோல் கணக்கு 2-2. கேப்டன் கிரானிட் ஜாக்காவை மாற்ற எண் பலகை உயர்ந்தபோது, சொந்த மைதானத்து ரசிகர்களே ஆரவாரம் செய்தார்கள். அவர் மெதுவாக நடக்க நடக்க அது ஊளையாக மாறியது. அவர் கேப்டன் பட்டையைக் கழற்றி எறிந்தார், காதுக்குப் பின்னால் கைவைத்து இன்னும் சத்தமாகக் கத்துங்கள் என்பதுபோல் சைகை காட்டினார், சட்டையைக் கழற்றியபடி பெஞ்சுக்கும் போகாமல் நேராக உள்ளே சென்றுவிட்டார். சில நாட்களில் கேப்டன் பதவி பறிக்கப்பட்டது. கிளப்பை விட்டுப் போகத் துணிந்துவிட்ட அவரிடம் பேசித் தங்கவைத்தவர், அந்த டிசம்பரில் வந்த ஆர்டேட்டா.

அப்போது நாங்கள் அவரிடம் கண்ட குறைகள் பொய்யானவை அல்ல. பந்தோடு திரும்புவதில் அவர் மெதுவானவர். இரண்டு பேர் கொண்ட நடுக்களத்தில், சொந்த கோலைப் பார்த்தபடி பந்தை வாங்கித் திரும்ப வேண்டிய வேலை அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அருகில் பெரிய இடைவெளி. வேகமான எதிராளி அதற்குள் நுழைந்துவிட்டால் துரத்திப் பிடிக்கக் கால் எட்டாது, எனவே தடுக்கி விழவைப்பார், அட்டை வரும். 2020 டிசம்பரில் பர்ன்லிக்கு எதிராகவும், 2021 ஆகஸ்டில் 0-5 என்று தோற்ற மான்செஸ்டர் சிட்டி ஆட்டத்திலும் சிவப்பு அட்டை வாங்கினார்.

2022-23 சீசனில் ஆர்டேட்டா அவரைப் பதினைந்து இருபது மீட்டர் முன்னால் தள்ளி நிறுத்தினார். தாமஸ் பார்ட்டே பின்னால் நின்றார். இடது பேக்காக வந்த சின்சென்கோ உள்ளே நகர்ந்து அவருக்குத் துணையானார். ஜாக்கா இப்போது எதிரணி கோலைப் பார்த்தபடியே பந்தை வாங்கினார். திரும்ப வேண்டிய தேவையே குறைந்துபோனது. அந்த லீக் சீசனில் 7 கோல்கள் அடித்தார். 2023 மே 28 அன்று வுல்வ்ஸை 5-0 என்று வென்ற கடைசி ஆட்டத்தில், முதல் கால் மணி நேரத்துக்குள் இரண்டு கோல் போட்டார். ஊளையிட்ட அதே மைதானம் அவரைப் போகாதே என்று பாடியது. அடுத்த ஆண்டு, அவர் போய்ச் சேர்ந்த லெவர்குசன் அணி ஒரு தோல்வியும் இல்லாமல் ஜெர்மன் லீக் பட்டத்தை வென்றபோது அதன் நடுக்களத் தூண் அவர்தான். அவருடைய வேகம் இந்த நான்காண்டில் கூடிவிடவில்லை. வேலை மாறியது. நாங்கள் வீரரைத் திட்டினோம். திட்ட வேண்டியிருந்தது அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலையை.

நல்ல வீரர் என்றால் எங்கே நிறுத்தினாலும் ஆட வேண்டாமா?

முந்தைய பதிலிலேயே இதற்கான விடை பாதி இருக்கிறது. மீதிப் பாதிக்கு பென் வைட்டைப் பாருங்கள். 2021-இல் 5 கோடி பவுண்டுக்கு சென்டர் பேக்காக, அதாவது பாதுகாப்பு வரிசையின் நடுவில் நிற்பவராக வாங்கப்பட்டவர், முதல் ஆட்டத்தில் பிரென்ட்ஃபோர்டிடம் 0-2 என்று தோற்றபோது உயரப் பந்துகளில் தடுமாறியதற்காகப் பலரிடம் பேச்சு வாங்கினார். ஓராண்டு கழித்து ரைட் பேக்காக நகர்ந்தபோது, வலது ஓரத் தாக்குதல் வீரர் சாக்காவின் முதுகுக்குப் பின்னால் சுற்றி ஓடி எதிரணியின் இரண்டாவது ஆளை இழுத்துக்கொண்டு போகும் அவருடைய பழக்கம் அந்த வலது ஓரத்தையே மாற்றிவிட்டது. எல்லா இடத்திலும் ஒரே தரத்தில் ஆடுகிறவர்கள் உலகத்தில் மிகச் சிலர். மற்ற அனைவரையும் இடத்தோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

புதிதாக வந்தவரைப் பற்றி எத்தனை ஆட்டம் கழித்து முடிவு சொல்லலாம்? ஹாவெர்ட்ஸ் விஷயத்தில் நான் சொன்னது சரிதானே?

நண்பர் சொன்னது, 2023 செப்டம்பரில், 'ஆறரைக் கோடி பவுண்டு தண்டம்' என்பது. அப்போது காய் ஹாவெர்ட்ஸ் கோல் கணக்கைத் தொடங்கியிருக்கவே இல்லை. செப்டம்பர் 30 அன்று போர்ன்மவுத் ஆட்டத்தில் 2-0 என்று முன்னிலையில் இருந்தபோது இன்னொரு பெனால்டி கிடைத்தது. வழக்கமாக அடிக்கிறவர்கள் பந்தை அவர் கையில் கொடுத்தார்கள். அவர் அடித்ததும் அணி முழுவதும் ஓடிவந்து அவரைச் சூழ்ந்துகொண்டது. தினமும் பயிற்சியில் பார்க்கிறவர்கள் ஒருவர்மேல் காட்டுகிற அந்த நம்பிக்கையும் ஒரு சாட்சியம்தான், அதை நாம் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

அவர் வந்தது ஜாக்கா விட்டுப்போன இடது நடுக்கள இடத்துக்கு. அது அவருக்குப் பொருந்தவில்லை என்ற அளவில் நண்பர் சொன்னது சரி. சீசனின் பின்பாதியில் ஸ்ட்ரைக்கராக முன்னே நகர்த்தப்பட்ட பிறகு கதை மாறி, 13 லீக் கோல்களோடு முடித்தார். என்னைக் கேட்டால், புதிய நாட்டிலிருந்து வருகிறவருக்கு ஒரு முழு சீசனும், அதே லீக்கிலிருந்து வருகிறவருக்கு அரை சீசனும் கொடுக்கலாம். அதற்கு முன்பும் பேசலாம், ஆனால் வீரரைப் பற்றி அல்லாமல் அவர் நிறுத்தப்பட்டிருக்கும் இடத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

நன்றாக ஆடிக்கொண்டிருந்த ராம்ஸ்டேலை உட்காரவைத்தது அநியாயம் இல்லையா?

மனிதராகப் பார்த்தால் வருத்தம்தான். எனக்கும் அவரை மிகவும் பிடிக்கும். ஆரன் ராம்ஸ்டேல் 2022-23 சீசனில் சக வீரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஆண்டின் சிறந்த அணியில் இடம்பெற்றவர். அப்படிப்பட்டவர் இருக்கும்போதே பிரென்ட்ஃபோர்டிலிருந்து டேவிட் ராயாவைக் கடன் ஒப்பந்தத்தில் கொண்டுவந்து, செப்டம்பரில் எவர்டன் ஆட்டத்திலிருந்து அவரை முதல் கோல்கீப்பராக்கினார் ஆர்டேட்டா.

ஷாட் தடுப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் இருவருக்கும் இடையே பெரிய தூரம் இல்லை. வேறுபாடு இரண்டு இடங்களில் இருந்தது. முதலாவது, கிராஸ். ஓரத்திலிருந்து பந்து எழும்பும்போது ராயாவின் முதல் அடி முன்னோக்கி இருக்கும். கோல்கோட்டை விட்டு வெளியே வந்து, கூட்டத்துக்கு மேலே இரண்டு கைகளாலும் பந்தைப் பிடித்துவிடுவார். பிடித்துவிட்டால் தாக்குதல் அங்கேயே முடிந்துவிடுகிறது, குத்தித் தள்ளினால் இரண்டாவது பந்துக்கு மீண்டும் போராட வேண்டும். இரண்டாவது, பந்து காலில் இருக்கும்போது காட்டும் நிதானம். எதிராளி நெருங்கும்வரை பந்தை நிறுத்திவைத்து, அவர் விட்டுவந்த இடத்துக்கு உதைப்பார்.

தொடக்கம் சுமுகமாக இல்லை. 2023 டிசம்பரில் 4-3 என்று வென்ற லூட்டன் ஆட்டத்தில் வாங்கிய கோல்களுக்கு ராயாவைக் குற்றம் சொன்னவர்களில் நானும் ஒருவன். ஆர்டேட்டா அசையவில்லை. 2024 மார்ச்சில் போர்ட்டோவுக்கு எதிரான பெனால்டி ஷூட்-அவுட்டில் ராயா இரண்டைத் தடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அடலாண்டா ஆட்டத்தில், ரெட்டெகி அடித்த பெனால்டியைத் தட்டிவிட்டு, விழுந்த இடத்திலிருந்து எழுந்து பாய்ந்து, தலையால் முட்டப்பட்ட அந்த மறுபந்தையும் தடுத்ததைப் பார்த்தபோது எங்கள் கூடத்தில் சில நொடிகள் யாரும் பேசவில்லை.

அப்படியென்றால் வாங்கிய கோல் 43-லிருந்து 29-ஆகக் குறைந்தது ராயாவால்தானே?

இப்படி ஓர் ஆளின் கணக்கில் எல்லாவற்றையும் வரவு வைப்பதும் தவறுதான். 2022-23-இல் 43, 2023-24-இல் 29 என்ற எண்கள் சரி. ஆனால் அதே கோடையில் நடுக்கள வீரர் டெக்லன் ரைஸ் வந்தார். அதே சீசனில் சென்டர் பேக் சாலிபா 38 லீக் ஆட்டங்களிலும் ஆடினார். ராயா வென்ற 16 க்ளீன் ஷீட்டுக்கான (ஒரு கோலும் வாங்காத ஆட்டங்களுக்கான) தங்கக் கையுறை விருதில் இவர்களுக்கும் பங்கு உண்டு. கோல்கீப்பரைத் தனியாக அளக்க வேண்டுமானால், அவருக்கு எதிராக அடிக்கப்பட்ட ஷாட்டுகள் எவ்வளவு கடினமானவை என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

சாலிபா ஒருவர் காயப்பட்டதற்காகவா 2022-23 பட்டம் போனது?

எண்கள் அப்படித்தான் சொல்வதுபோல் தோன்றும். 27 லீக் ஆட்டங்களில் 66 புள்ளிகள் எடுத்திருந்த அணி, அவர் இல்லாத கடைசி 11 ஆட்டங்களில் 18 புள்ளிகள்தான் எடுத்தது. 84 புள்ளிகளோடு முடித்தது, பட்டம் வென்ற மான்செஸ்டர் சிட்டி 89. ஆனால் 2023 மார்ச் 16 அன்று ஸ்போர்ட்டிங் அணிக்கு எதிராகச் சாலிபா காயப்பட்ட அதே இரவில் தோமியாசுவும் காயப்பட்டார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தோமியாசு ரைட் பேக்காக ஆட இருந்திருந்தால் பென் வைட்டை நடுவுக்கு நகர்த்தியிருக்கலாம்.

சாலிபாவுக்குப் பதில் வந்த ராப் ஹோல்டிங்கை மட்டும் குற்றம் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஆர்சனலின் பாதுகாப்பு வரிசை நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். பின்னால் நாற்பது மீட்டர் வெறுமை. அந்த வெறுமையில் ஸ்ட்ரைக்கரோடு ஓட்டப்பந்தயம் ஓடும் கால் சாலிபாவுக்கு உண்டு, ஹோல்டிங்குக்கு இல்லை. அதனால் அவர் இயல்பாகவே நான்கடி பின்னால் நின்றார், வரிசையும் அவரோடு பின்வாங்கியது, நடுக்களத்துக்கும் பாதுகாப்புக்கும் இடையில் இடம் திறந்தது. லிவர்பூலின் ஆன்ஃபீல்டிலும் வெஸ்ட்ஹாமிலும் 2-0 முன்னிலை 2-2 ஆனது. கடைசி இடத்தில் கிடந்த சவுத்தாம்ப்டனோடு 3-3. வெஸ்ட்ஹாமில் சாக்கா பெனால்டியைத் தவறவிட்டது ஹோல்டிங்கின் கணக்கில் வராது. ஜனவரியில் வாங்கிய பாதுகாப்பு வீரர் கிவியோரை மே மாதம் வரை லீக் ஆட்டத்தில் தொடக்கத்திலிருந்து ஆடவைக்காததும், வரிசையின் உயரத்தை முன்கூட்டியே மாற்றி அமைக்காததும் பயிற்சியாளரின் முடிவுகள்.

மார்ட்டினெஸை விற்றது முட்டாள்தனம்தானே? உலகக் கோப்பையே வாங்கிக் கொடுத்துவிட்டாரே!

2022 உலகக் கோப்பையை 2020-இல் யாரும் பார்த்திருக்க முடியாது. அர்ஜென்டினா கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ் 2010 முதல் கிளப்பில் இருந்தவர்; பெரும்பாலும் வேறு அணிகளுக்குக் கடனாகவே போய்வந்தவர். 2020 ஜூனில் முதல் கோல்கீப்பர் லெனோ காயப்பட்டதால் இடம் கிடைத்து, எஃப்.ஏ. கோப்பை வரை மிகச் சிறப்பாக ஆடினார். அதாவது முடிவெடுத்த அன்று கிளப்பின் முன்னால் இருந்தது இரண்டு மாத ஆட்டம் மட்டுமே. நிரந்தர இடம் கேட்ட அவரை ஆஸ்டன் வில்லாவுக்கு விற்றார்கள்.

எனக்கு இருக்கும் குறை வேறு. அவர் கோல்கோட்டை விட்டு முன்னால் வந்து கிராஸ் பிடிப்பதில் லெனோவைவிட உறுதியானவர் என்பது அந்த இரண்டு மாதத்திலேயே கண்ணுக்குத் தெரிந்தது. ராயாவைப் பற்றிச் சொன்னபோது குறிப்பிட்ட அதே தன்மைகளைத்தான் ஆர்டேட்டா பின்னர் தேடி வாங்கினார். தனக்கு எப்படிப்பட்ட கோல்கீப்பர் வேண்டும் என்பது அவருக்கே அப்போது தெளிவாகியிருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

இரண்டு முறை எட்டாவது இடத்தில் முடித்த ஆர்டேட்டாவை ஏன் விட்டுவைத்தார்கள்?

2020 கிறிஸ்துமஸ் அன்று 14 ஆட்டங்களில் 14 புள்ளிகளோடு ஆர்சனல் 15-ஆவது இடத்தில் இருந்தது. மறுநாள் செல்சியை 3-1 என்று வென்றதிலிருந்து சீசன் முடிவுவரை 24 ஆட்டங்களில் 47 புள்ளிகள் வந்தன. இறுதி அட்டவணையில் எட்டாவது இடம் என்று மட்டும் பார்த்தவர்களுக்கு அந்தத் திருப்பம் தெரியவில்லை. ஸ்மித் ரோ போன்ற இளைஞர்கள் அணிக்குள் வந்ததும், ஆட்டத்தின் வடிவம் வாரத்துக்கு வாரம் ஒன்றுபோல இருக்கத் தொடங்கியதும் அந்த ஐந்து மாதத்தில்தான். கிளப் அதை நம்பியது சரி என்றே அன்றும் சொன்னேன்.

ஓபமெயாங்கை அப்படி அனுப்பியது சரியா? ஒழுங்கு முக்கியமா, கோல் முக்கியமா?

இதில் இரண்டு முடிவுகள் ஒன்றாகப் பின்னிக்கிடக்கின்றன. பிரித்துப் பார்த்தால்தான் தெளிவு வரும். 2021 டிசம்பரில் ஒழுங்கு மீறலுக்காக ஸ்ட்ரைக்கர் ஓபமெயாங்கின் கேப்டன் பதவியைப் பறித்தது முதல் முடிவு. இளைஞர்கள் நிறைந்த ஓர் உடைமாற்றும் அறையில் கேப்டனுக்கு ஒரு நேரம், மற்றவர்களுக்கு ஒரு நேரம் என்று இருக்க முடியாது என்பதால் அதை முழுமையாக ஆதரிக்கிறேன்.

மாற்று ஸ்ட்ரைக்கர் யாரையும் வாங்காமல் பிப்ரவரி தொடக்கத்தில் அவரை பார்சிலோனாவுக்கு விட்டுக்கொடுத்தது இரண்டாவது முடிவு. அந்த சீசன் முழுவதும், மீதமிருந்த ஸ்ட்ரைக்கர் லகாசெட் அடித்த லீக் கோல்கள் 4. ஆர்சனல் 69 புள்ளிகளோடு ஐந்தாவது, டோட்டன்ஹாம் 71 புள்ளிகளோடு நான்காவது. சாம்பியன்ஸ் லீக் இரண்டு புள்ளிகளில் நழுவியது. முதல் முடிவு சரி என்பதற்காக இரண்டாவதையும் சரி என்று வாதிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

தொலைக்காட்சியில் பார்க்கிற நமக்கு இதையெல்லாம் சொல்ல என்ன தகுதி இருக்கிறது?

காமிரா பந்தின் பின்னாலேயே போவது உண்மையில் பெரிய தடைதான். நான் செய்வது இது: மறுநாள் அதே ஆட்டத்தைப் போட்டு, பத்து நிமிடம் ஒரே ஒரு வீரரை மட்டும் பார்ப்பேன். நடுக்கள வீரர் ஓடெகார்டை அப்படிப் பார்த்தால், எதிரணி கோல்கீப்பரிடம் பந்து போவதற்கு முன்பே அவர் ஒரு முறை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்ப்பது தெரியும். பிறகு நேராக ஓடாமல் வளைந்து ஓடுவார், தனக்குப் பின்னால் நிற்கும் எதிரணி நடுக்கள வீரருக்குப் பந்து போக வழியில்லாதபடி. பந்து அவரைத் தொடவே இல்லை, ஆனால் கோல்கீப்பர் நீளமாக உதைத்துப் பந்தை இழந்தது அந்த வளைவால்.

முடிவெடுத்த நாளில் தெரிந்ததை வைத்தே மதிப்பிட வேண்டும் என்றால், எந்தப் பயிற்சியாளரையும் குறை சொல்லவே முடியாதே?

முடியும், இன்னும் அழுத்தமாகவே சொல்ல முடியும். 2025 ஜனவரியை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பரிலேயே சாக்கா தொடைத் தசைக் காயத்தால் வெளியே போயிருந்தார். ஜனவரி 12 அன்று ஸ்ட்ரைக்கர் ஜீசஸின் முழங்கால் தசைநார் கிழிந்தது. முன்னணியின் நடுவில் ஆட மீதமிருந்தவர் ஹாவெர்ட்ஸ் ஒருவர்தான். வீரர்களை வாங்க அனுமதிக்கப்பட்ட காலமான ட்ரான்ஸ்ஃபர் கதவு மூடும்வரை ஒரு ஸ்ட்ரைக்கரும் வரவில்லை. கதவு மூடிய சில நாட்களில் ஹாவெர்ட்ஸும் காயப்பட்டார். அவர் காயப்படுவார் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் அவர் காயப்பட்டால் யாரும் இல்லை என்பது அன்றே எல்லோருக்கும் தெரியும்.

பிப்ரவரி 15 அன்று லெஸ்டர் மைதானத்தில், நடுக்கள வீரரான மெரினோ மாற்று ஆட்டக்காரராக இறங்கி ஸ்ட்ரைக்கர் இடத்தில் நின்று கடைசிப் பத்து நிமிடத்தில் இரண்டு கோல் அடித்து 2-0 என்று வெற்றி தேடித் தந்தார். பார்த்தீர்களா, ஸ்ட்ரைக்கர் தேவையே இல்லை என்று அன்றிரவு எங்கள் கூடத்தில் ஒருவர் சொன்னார். அடுத்த ஆட்டம் சொந்த மைதானத்தில் வெஸ்ட்ஹாமிடம் 0-1 தோல்வி. அதற்கடுத்தது நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டோடு 0-0.